மிச்சப் பணத்தில் வாங்குகிற பொருளா ஓவியம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாட்களுக்கு முன் உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், சமுதாயக் கட்டடங்களில் ஓவியம், சிற்பம் என்று செலவு பண்ணுவது வீண், அந்தக் காசுக்கு இன்னும் நாற்பது நாற்காலி வாங்கிப் போடலாமே என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, உண்மையைச் சொன்னால் பாதி ஒத்துக்கொண்டேன். நானும் ஒரு சமுதாயக் கூடம் கட்டிய குழுவில் இருந்தவன். அங்கே நாங்கள் வரைய வைத்த சுவரோவியத்துக்குப் பதில் நாற்காலியே வாங்கியிருக்கலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். ஆனால் அவர் சொல்கிற காரணத்துக்காக இல்லை. நாங்கள் அந்த ஓவியத்தை வாங்கிய விதம் அப்படி. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும், இடம் பத்தாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். கட்டடம் முடிந்துவிட்டது. தரை போட்டாயிற்று, ஜன்னல் மாட்டியாயிற்று, வெள்ளையும் அடித்தாயிற்று. திறப்பு விழாவுக்கு ஆறு வாரம் இருக்கும்போது குழுவில் ஒருவர் முன்கூடத்தில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "இந்தச் சுவர் மொட்டையா இருக்கே, எதையாவது வரையச் சொல்லலாமா?" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். கணக்கிலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பொருளாளர் வழக்கம்போல மூன்று கொட்டேஷன் வாங்கச் சொன்னார், வாங்கினோம். மூன்றிலும் சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும்தான் இருந்தது. என்ன வரையப் போகிறார்கள் என்று ஒன்றிலும் இல்லை, நாங்களும் கேட்கவில்லை. யாருடைய தொகை குறைவோ அவருக்கே வேலை என்று முடிவாயிற்று. இந்த முடிவுக்கு ஆன நேரம் பத்து நிமிடம் இருக்கும். அதே கூட்டத்தில் வாசல் கேட்டுக்கு என்ன கலர் என்பதற்கு முக்கால் மணி நேரம் பேசினோம்.

வந்தவர் நல்ல கைக்காரர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் அவர் மேல் ஒரு குறையும் கிடையாது. "என்ன வரையணும்?" என்று கேட்டார். நாங்கள் ஏழு பேர், ஏழு பதில். ஒருவருக்கு மரம் வேண்டும், ஒருவருக்குக் கைகோத்து நிற்கும் குழந்தைகள், ஒருவருக்குப் புத்தகம், இன்னொருவருக்குப் புறா. மனிதர் பொறுமையாகக் குறித்துக்கொண்டு எல்லாவற்றையும் வரைந்து கொடுத்தார்: மரத்தடியில் குழந்தைகள், கையில் புத்தகம், தலைக்கு மேலே புறா. யாருக்கும் ஆட்சேபம் இல்லை. யாருக்கும் பெரிதாகப் பிடிக்கவும் இல்லை. எங்கேயோ ஏற்கெனவே பார்த்த மாதிரி இருந்தது, ஏனென்றால் எல்லோரும் எங்கேயோ பார்த்ததைத்தான் கேட்டிருந்தோம்.

ஒரு இடம் மட்டும் விதிவிலக்கு. சுவரின் நடுவில் ஸ்விட்ச் போர்டு இருந்தது, சரியாக மரத்தின் அடித்தண்டு வரவேண்டிய இடத்தில். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னால் சுவரை உடைக்க வேண்டும் என்றார். ஓவியர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார், அப்புறம் போர்டைச் சுற்றி இருட்டாக ஒரு மரப்பொந்து வரைந்துவிட்டார். விளக்குப் போட வருகிற சின்னப் பிள்ளைகள் பொந்துக்குள் கை விடுகிற மாதிரி மெதுவாகக் கையை நீட்டும், கிளி கடித்துவிடுமோ என்ற பாவனையில். அந்த முழுச் சுவரிலும் எங்கள் கட்டடத்துக்கென்று வரைந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் எந்தச் சுவருக்கும் பொருந்தும்.

இரண்டாவது மழைக்காலத்தில் அடிப்பக்கம் வெளுக்க ஆரம்பித்தது. முதலில் பூஞ்சை என்றுதான் நினைத்தோம். கிட்டப் போய் விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்கிறது, கூடவே பச்சையும் நீலமுமாக வண்ணமும் விரலோடு வருகிறது. உப்பு பூத்திருந்தது. சுவருக்குள் ஏறுகிற ஈரம் செங்கல்லிலும் சிமென்ட்டிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு மேற்பரப்புக்கு வருகிறது, தண்ணீர் ஆவியாகிவிடுகிறது, உப்பு அங்கேயே தங்கிப் படிகமாக வளர்ந்து மேலே இருக்கும் வண்ணப் படலத்தைத் தள்ளி விடுகிறது. மேலே மறுபடி பெயின்ட் அடித்தால் அதையும் தள்ளும். நாங்கள் இரண்டு தடவை அடித்துப் பார்த்தோம், அதனால் சொல்கிறேன். மூன்றாவது வருடத்தில் அந்தக் குழந்தைகளுக்கு முழங்காலுக்குக் கீழே கால் இல்லை.

கூடத்தைப் பெருக்கித் துடைக்கிற அம்மா ஒருவர் இருக்கிறார், கட்டடம் திறந்த நாளிலிருந்து வருகிறவர். நாங்கள் நாலைந்து பேர் சுவர் முன்னால் நின்று பொறியாளரைத் திட்டிக்கொண்டிருந்தபோது துடைப்பத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தச் சுவருக்குப் பின்னாடிதானே சார் தண்ணித் தொட்டி. படம் வரையறதுக்கு முன்னாடியே அங்க ஈரம்தான். நான் துடைக்கத் துடைக்கக் கசியும்" என்றார். முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று எங்களில் ஒருவர் கேட்டார். "யாரு கேட்டீங்க?" என்றார், கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாக. நாங்கள் அன்றைக்குப் பொறியாளரைத் திட்டுவதை அத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். சுவர் இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம், எப்படிப்பட்ட சுவர் என்று பார்ப்பதில்லை. புதிதாகப் பூசிய சிமென்ட் சுவரைக் குறைந்தது நாலு வாரமாவது காய விட வேண்டும். அப்போதும் அதில் காரத்தன்மை இருக்கும், அதற்கென்று இருக்கிற பிரைமரை அடிக்காமல் மேலே எனாமல் பெயின்ட் அடித்தால் அந்தக் காரம் பெயின்ட்டில் இருக்கும் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும், பிசுபிசுத்து உரிந்து வரும். திறப்பு விழா அவசரத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? மேற்குப் பார்த்த வெளிச்சுவர் என்றால் பிற்பகல் வெயில் முழுக்க அதன் மேல்தான், மலிவான சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், காவி மாதிரி மண் வண்ணங்கள் நின்று பிடிக்கும். ஃபைபர் சிலை வெயிலில் மஞ்சளித்து மேலே தூள் தூளாகிவிடும். கடல் காற்று அடிக்கிற இடத்தில் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் துருப்புள்ளி விடும், அதற்கு வேறு தரம் கேட்டு வாங்க வேண்டும். ஈரச் சுவர்தான் இருக்கிறது, வேறு வழியில்லை என்றால் சுவரில் நேரடியாக வரையாமல் பலகைகளில் வரைந்து, பின்னால் காற்றுப் போக இரண்டு விரல் இடைவெளி விட்டு மாட்டலாம். இதை எங்களுக்குச் சொன்னது அதே ஓவியர்தான், எல்லாம் போன பிறகு. முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்கத் தோன்றும். நாங்கள் அவரிடம் கேட்டது சதுர அடி விலை.

என் புகார் இதுதான்: கலைஞரை நாம் கடைசியில் கூப்பிடுகிறோம். கட்டடத்துக்கு வரைபடம் போடும்போதே கூப்பிட வேண்டிய ஆளை, பெயின்ட் காய்ந்த பிறகு கூப்பிடுகிறோம். தொட்டி எங்கே, ஸ்விட்ச் போர்டு எங்கே, ஏசி பைப் எந்தச் சுவரை ஓட்டை போட்டு வெளியே வரும், எந்த ஜன்னல் வழியாக எந்நேரம் வெளிச்சம் விழும் என்பதெல்லாம் தாளில் பென்சிலாக இருக்கும்போது மாற்றுவதற்கு ஒரு ரப்பர் போதும்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. பிரான்சில் 1951-லேயே, புதிதாகக் கட்டும் பள்ளிக் கட்டடங்களின் செலவில் ஒரு சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள், அப்புறம் மற்ற அரசுக் கட்டடங்களுக்கும் அது போனது. அமெரிக்காவில் 1959-ல் ஃபிலடெல்ஃபியா நகரம் முதலில் இப்படி ஒரு விதி போட்டது, பின்னால் பல நகரங்கள் அதைப் பார்த்துச் செய்தன. அதற்கும் முன்னால், 1930-களில், ஊரெல்லாம் வேலையில்லாமல் கிடந்த காலத்தில், அமெரிக்கக் கருவூலத் துறை 1934-ல் இதற்கென்றே ஒரு பிரிவு தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தபால் நிலையங்களில் ஓவியமும் சிற்பமும் வைத்தது. அதற்கான பணமும் கட்டடச் செலவில் ஏறக்குறைய ஒரு சதவீதம் என்றுதான் கணக்கு. ஒரு சதவீதமா என்று வாயைப் பிளக்கிறவர்கள் தங்கள் கட்டடத்தின் எஸ்டிமேட்டை ஒரு தடவை எடுத்துப் பார்க்கட்டும், "இதர செலவு" என்று ஒரு வரி இருக்கும், அது எத்தனை சதவீதம் என்று. எனக்கு இந்த விதியில் பிடித்தது தொகை கூட இல்லை. எஸ்டிமேட் போடுகிற அன்றைக்கே அந்தப் பணம் தனியாகப் பிரிந்துவிடுகிறது. மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பணம் இருக்கிறது என்றால் ஆளைத் தேட வேண்டும், ஆளைத் தேடினால் சுவரைக் காட்ட வேண்டும், சுவரைக் காட்ட வரைபடத்தை எடுக்க வேண்டும். ஒன்று போட்டால் மற்றது தானாக வந்து சேரும்.

சரி, ஆளை எப்படித் தேடுவது? முதலில் ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொள்ள வேண்டும், என்ன வேண்டும் என்று. இங்கேதான் குழுக்கள் சறுக்குகின்றன. "ஒற்றுமையைப் பிரதிபலிக்கும் வகையில்", "பாரம்பரியமும் நவீனமும் கலந்து" என்றெல்லாம் எழுதுவார்கள். இதைப் படித்தால் ஒரு ஓவியருக்குத் தோன்றக்கூடியது கைகோத்த குழந்தைகளும் புறாவும்தான். அதற்குப் பதில் உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்ததை எழுதுங்கள். காலையில் யார் வருகிறார்கள், மாலையில் யார், எங்கே காத்து நிற்கிறார்கள், எவ்வளவு நேரம். தரையில் உட்காருகிறவர்கள் உண்டா, சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் உண்டா, கண் பார்வை மங்கியவர்கள் உண்டா, அப்படியென்றால் கையால் தடவிப் பார்க்கிற மாதிரி புடைப்பாக ஏதாவது செய்யலாமா என்று அவரே யோசிப்பார். சுவர் எது, ஈரம் உண்டா, வெயில் உண்டா, பந்து படுமா. எத்தனை வருடம் நிற்க வேண்டும், ஐந்தா, முப்பதா. கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள், பேரம் பேசுவதாக நினைத்து அதை ஒளித்து வைக்கிறவர்கள்தான் பத்து மடங்கு செலவாகும் திட்டமும் பத்தில் ஒரு பங்குத் தரமும் வாங்குகிறார்கள். என்ன வரைவது என்பதை மட்டும் எழுதாதீர்கள். அதை யோசிக்கத்தானே அவருக்குப் பணம் கொடுக்கிறோம்?

அப்புறம் கொட்டேஷன். சிமென்ட் மூட்டைக்குக் குறைந்த விலை கேட்பது நியாயம், எந்தக் கடையில் வாங்கினாலும் அதே மூட்டைதான். மூன்று ஓவியர்களிடம் விலை கேட்பது அப்படி இல்லை, மூன்று பேரும் வேறு வேறு பொருளைக் கொண்டுவருகிறார்கள். தொகையை நாமே சொல்லிவிட்டு, இந்தப் பணத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்பதுதான் முறை. இதில் இன்னொரு அநியாயம் நடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். போட்டி என்று அறிவித்து, முழு டிசைனையும் இலவசமாக அனுப்பச் சொல்வது. ஐம்பது பேர் வாரக்கணக்கில் உட்கார்ந்து வரைவார்கள், ஒருவருக்கு வேலை, நாற்பத்தொன்பது பேருக்கு ஒரு நன்றிக் கடிதம்கூடக் கிடையாது. சில இடங்களில் அந்த நாற்பத்தொன்பதில் ஒன்றை எடுத்து வேறு ஆளை வைத்து வரைந்தும் விடுகிறார்கள். ஒரு கட்டடப் பொறியாளரிடம் இலவசமாக வீட்டு பிளான் போட்டுக் கொடுங்கள், பிடித்திருந்தால் பணம் தருகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். முதலில் பழைய வேலைகளின் படங்களை மட்டும் வாங்குங்கள், அதிலிருந்து மூன்று பேரைப் பொறுக்குங்கள், அந்த மூன்று பேரையும் இடத்துக்கு வரவழைத்துக் காட்டுங்கள், மாதிரி வரைந்து தருவதற்கு மூன்று பேருக்கும் கட்டணம் கொடுங்கள். அது மொத்தத்தில் சின்னத் தொகைதான். அந்த அமெரிக்கத் தபால் நிலையத் திட்டத்தில் போட்டிக்கு வந்த வரைபடங்களில் பெயர் தெரியாதபடி வைத்துத்தான் பார்த்தார்கள். யாருடைய மருமகன் என்ற கேள்வி எழாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு.

யார் தேர்ந்தெடுப்பது என்பதுதான் பெரிய தலைவலி. எல்லோரிடமும் கேட்டால் என்ன ஆகும் என்று எங்கள் புறா சொல்லும். யாரிடமும் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கில் ஒரு கதை இருக்கிறது. 1981-ல் மன்ஹாட்டனில் மத்திய அரசு அலுவலகங்கள் இருக்கும் ஒரு வளாகத்தின் முற்றத்தில் ரிச்சர்ட் செர்ரா என்ற சிற்பியின் வேலையை நிறுத்தினார்கள். 120 அடி நீளம், 12 அடி உயரம், துருப்பிடித்த நிறத்தில் சற்றே சாய்ந்து வளைந்த ஒரு இரும்புச் சுவர். கலை தெரிந்தவர்கள் தேர்ந்தெடுத்ததுதான், முறைப்படிதான் எல்லாம் நடந்தது. ஆனால் தினமும் அந்த முற்றத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் ஒரு நாள் வந்து பார்த்தால் நடுவில் இரும்புச் சுவர், சுற்றிக்கொண்டு போக வேண்டும். சீக்கிரமே 1,300 பேர் கையெழுத்துப் போட்டு எடுக்கச் சொன்னார்கள். 1985-ல் பொது விசாரணை வைத்தார்கள், பேசியவர்களில் 122 பேர் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் வேண்டாம் என்றார்கள், இருந்தும் ஐந்து பேர் கொண்ட குழு நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் எடுத்துவிடச் சொன்னது. இந்த இடத்துக்கென்றே செய்தது, நகர்த்தினால் அழித்த மாதிரிதான் என்று செர்ரா வழக்குப் போட்டும் பயனில்லை. 1989 மார்ச்சில் ஒரு ராத்திரியில் துண்டு போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்குச் செர்ரா மேலும் பரிதாபம், சுற்றி நடந்தவர்கள் மேலும் பரிதாபம். அந்த முற்றத்தில் தினம் நடக்கிற இரண்டு பேரைத் தேர்வுக் குழுவில் உட்கார வைத்திருந்தால் சிற்பம் வேறு இடத்தில் நின்றிருக்கலாம், அல்லது நடுவில் நடக்க ஒரு வழியோடு வந்திருக்கலாம்.

ஆகவே என் கணக்கு ஐந்து பேர். கலை தெரிந்தவர்கள் இரண்டு பேர், கட்டடம் வரைந்தவர் ஒருவர், கட்டடத்தைத் தினமும் பயன்படுத்துகிறவர்கள் இரண்டு பேர். அந்த இரண்டில் ஒன்று துடைப்பம் வைத்திருக்கும் அம்மா. மரியாதைக்காகச் சொல்லவில்லை, அந்தச் சுவரைப் பற்றி எங்கள் ஏழு பேரையும் விட அவருக்குத் தெரியும்.

எல்லோருக்கும் முதல் நாளே பிடிக்க வேண்டும் என்ற ஆசையையும் விட்டுவிட வேண்டும். டெல்லியில் ரிசர்வ் வங்கியின் வாசலில் இரண்டு பக்கமும் யட்சனும் யட்சியும் நிற்கிறார்களே, அது ராம்கிங்கர் பைஜ் என்ற சிற்பி செய்தது. பொதுக் கட்டடங்களில் நம் கலைஞர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று நேரு சொன்னதையொட்டி 1950-களில் தொடங்கிய பேச்சு. கலைஞர்களை அழைத்து, மாதிரிகள் வாங்கி, பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். சரியான கல் தேடி இமாலயப் பக்கம் பைஜ்நாத் வரை போனார்கள். வேலை முடியும்போது 1967. நடுவில் யட்சிக்கு உடை இல்லை என்று ஒரு கலாட்டா வேறு. வங்கி பொறுத்துக்கொண்டது. இன்றைக்கு அந்தக் கட்டடத்தை நினைத்தால் அந்த இரண்டு கல் உருவங்கள்தான் முதலில் கண்ணுக்கு வருகின்றன. எங்களுக்கு ஆறு வாரம்கூடப் பொறுமை இல்லை. அவர்களைப்போல பத்து வருடம் காத்திருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அந்த அளவுக்குத் தாமதம் எந்தப் பொருளாளருக்கும் நெஞ்சு வலியைக் கொடுக்கும். ஆனால் எட்டு மாதமாவது வேண்டாமா?

ஒப்பந்தம் என்று ஒன்று எழுத வேண்டும், அதுவும் வேலை தொடங்கும் முன். எங்களிடம் இருந்தது ஒரு கொட்டேஷன், அதன் மேல் "ஓகே" என்று ஒரு கையெழுத்து. பணம் எத்தனை தவணை, சாரம் கட்டுகிற செலவு யாருடையது, உயரத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு இன்ஷூரன்ஸ் உண்டா, மாதிரிக்கும் முடிந்த வேலைக்கும் எவ்வளவு வித்தியாசம் வரலாம், இதெல்லாம் யாரும் எழுதிவிடுவார்கள். எழுத மறக்கிறது கடைசிப் பாகத்தை. நாளைக்குக் கட்டடத்தை இடிக்கவோ மாற்றவோ வேண்டி வந்தால் இந்த வேலை என்ன ஆகும்? கலைஞருக்குச் சொல்லி அனுப்புவோமா, எத்தனை நாள் முன்னால், அவர் எடுத்துக்கொண்டு போகலாமா?

சிற்பி அமர்நாத் சேகல் விஷயம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். டெல்லி விஞ்ஞான் பவனுக்காக அரசாங்கம் கேட்டு அவர் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பம், 140 அடி அகலம், 40 அடி உயரம். ஐந்து வருடத்துக்கும் மேலாக வேலை செய்து 1962-ல் சுவரேறியது. 1979-ல் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பிய்த்து எடுத்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள், எடுத்த விதத்தில் துண்டு துண்டாகச் சேதம். கடிதம் கடிதமாக எழுதிப் பார்த்து, 1992-ல் வழக்குப் போட்டு, 2005-ல்தான் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது: மிச்சம் இருக்கும் துண்டுகளை அவரிடம் திருப்பிக் கொடு, 5 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு கொடு என்று. பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, பொருளைப் பணம் கொடுத்து வாங்கிவிட்டாலும் அதைச் செய்தவரின் பெயருக்கும் மரியாதைக்கும் உரிமை அவரிடமே நிற்கிறது என்கிறது. வாங்கியது நாம்தானே, நம் சுவர்தானே, வெள்ளை அடித்தால் என்ன என்று நினைக்கிற குழுச் செயலாளர்கள் இதை ஒரு தடவை படித்துவிடுவது நல்லது. நியூயார்க்கில் ஒரு பழைய தொழிற்சாலைச் சுவர்களில் வரைந்திருந்த ஓவியங்களை உரிமையாளர் 2013-ல் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளையடித்துவிட்டார், 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லி 2018-ல் தீர்ப்பு வந்தது.

பராமரிப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எதைக் கொண்டு துடைக்கலாம், எதைக் கொண்டு துடைக்கக் கூடாது, எந்த பிராண்ட் எந்த எண் வண்ணம் என்று கலைஞரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி, துடைக்கிறவர் கையில் கொடுங்கள், அலுவலக பீரோவுக்குள் வைக்காதீர்கள். மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கைப் பின்னால் வரும் பழுதுக்கு என்று தனியாக எடுத்து வையுங்கள். சுவரில் ஆணி அடிக்க, ஃபிளெக்ஸ் கட்ட யாருக்கும் அனுமதி இல்லை என்று தீர்மானம் போடுங்கள். எங்கள் புறாவின் இறக்கையில் இப்போது நாலு ஆணி இருக்கிறது, ஒன்றில் காலண்டர் தொங்குகிறது.

நாற்காலி கேட்ட வாசகருக்கு வருகிறேன். நாற்காலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கூட்டத்துக்கு வந்து நின்றுகொண்டே இருப்பது எனக்கும் முடியாது. ஆனால் எங்கள் கூடத்தில் ஒன்றைக் கவனித்தேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் போனில் "எங்க இருக்க?" என்று கேட்டால் பதில் "பொந்துகிட்ட" என்றுதான் வருகிறது. முன்கூடம் என்றோ வாசல் என்றோ யாரும் சொல்வதில்லை. தொலைந்துபோன பிள்ளையை அங்கேதான் கொண்டு போய் நிறுத்துகிறார்கள். அவ்வளவு கோளாறாக வாங்கிய ஓவியத்திலேயே, ஒரே ஒரு அடி இடம் அந்தக் கட்டடத்துக்கு ஒரு பெயரைக் கொடுத்துவிட்டது. ஒழுங்காக வாங்கியிருந்தால் என்று யோசித்துப் பார்க்கிறேன். எந்த நாற்காலியின் பெயரையும் சொல்லி யாரும் யாரையும் வரச்சொன்னதாக நான் கேட்டதில்லை.

உங்களிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது. இப்படி ஒரு கட்டடம் திறந்தால் நீங்கள் செய்தி போடுகிறீர்கள், படமும் போடுகிறீர்கள், பின்னால் சுவரில் ஓவியம் அழகாகத் தெரிகிறது. ரிப்பன் வெட்டியவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் என்று பத்துப் பெயர் வருகிறது. வரைந்தவர் பெயர் வருவதில்லை. இதில் எங்களுக்கும் பங்கு உண்டு, எங்கள் கல்வெட்டில் மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர் வரை பதினான்கு பெயர் பொறித்திருக்கிறோம், ஓவியர் பெயர் கிடையாது. அவர் தானாக வலது ஓரத்தில் கீழே சின்னதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். உப்பு பூத்தபோது முதலில் போனது அந்த ஓரம்தான்.

இப்போது மாடி கட்டப் போகிறோம். எஸ்டிமேட்டில் கலைக்கென்று ஒரு வரி சேர்த்தாயிற்று, அதற்கு இரண்டு கூட்டம் சண்டை போட வேண்டியிருந்தது. இந்தத் தடவை முறையாக மூன்று பேரைப் பார்க்கிறோம், அதில் ஒருவராக அவரையும் கூப்பிடலாம் என்று போன வாரம் போன் பண்ணினேன். வந்து சுவரைப் பார்க்கிறேன் என்றார். சுவர் இன்னும் கட்டவில்லை சார், தாளில்தான் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்ப நாளைக்கே வரேன்" என்றார்.

இப்படிக்கு,
கட்டடக் குழுவில் இன்னும் இருக்கும் ஒரு வாசகர்